தன்னைத் தானே பார்த்த மணப்பெண்

1980களின் கடைசியில் திருக்கனூர் கடைவீதி ஸ்டுடியோவுக்குக் கல்யாண ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் மூன்று விஷயம் கேட்பார்கள். எத்தனை படம், ஆல்பம் எப்போது கைக்கு வரும், அப்புறம் "டபுள் ஆக்டு உண்டுதானே?" கடைசிக் கேள்வி பெரும்பாலும் பெண்வீட்டிலிருந்துதான் வரும். கூட வந்த தங்கை கேட்பாள், இல்லையென்றால் தாய்மாமன் கேட்பார். கல்யாணப் பெண் ஒரே படத்தில் இரண்டு பேராக இருக்கவேண்டும். ஒருத்தி உட்கார்ந்திருப்பாள், இன்னொருத்தி பக்கத்தில் நிற்பாள். ஒருத்தி பூச்சரத்தை நீட்டுவாள், இன்னொருத்தி வாங்கிக்கொள்ளக் கை நீட்டுவாள். ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் இந்தப் படம் இருந்தால்தான் ஆர்டர் முழுமையானதாக எண்ணுவார்கள்.

எங்கள் ஊர் மண்ணாடிப்பட்டு கொம்யூனின் தலைமையிடம். புதுச்சேரியிலிருந்து மேற்கே உள்ளே தள்ளி, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கிறது. இந்த ஊர் புதுச்சேரி என்றால் வயலைத் தாண்டிய அடுத்த ஊர் அன்றைக்குத் தென்னாற்காடு மாவட்டம். 1993க்குப் பிறகு விழுப்புரம் மாவட்டம். பெண் கொடுக்கவும் எடுக்கவும் அந்த எல்லை குறுக்கே நின்றதில்லை. ஸ்டுடியோவுக்கும் அப்படித்தான். கூனிச்சம்பட்டு, கொடாத்தூர், சோரப்பட்டு, செட்டிப்பட்டு, காட்டேரிக்குப்பம் என்று சைக்கிள் கேரியரில் ஸ்டாண்டையும் ஃப்ளாஷ் பெட்டியையும் கட்டிக்கொண்டு போவோம். லிங்காரெட்டிபாளையம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அனுப்பிய பணம் கைக்கு வந்ததும் கல்யாணங்கள் கூடும். மயிலம் முருகன் கோயிலில் தாலி கட்டிவிட்டு ஊரில் வந்து விருந்து வைக்கிறவர்களும் உண்டு. அந்த நாட்களில் விடியற்காலை மலையடிவாரத்தில் இருப்போம்.

பத்தாவது முடித்துவிட்டு 1987-ல் நான் அந்த ஸ்டுடியோவில் கையாளாகச் சேர்ந்தேன். கடைக்காரரை எல்லாரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அதிகம் பேசமாட்டார். டார்க் ரூமில் மட்டும் பேசுவார், சிவப்பு விளக்கில் முகம் தெரியாதபோது. எனக்கு இந்தத் தொழிலில் தெரிந்ததெல்லாம் ஹைப்போ வாசத்துக்கு நடுவே அவர் சொல்லிக்கொடுத்தவை.

இரட்டைப் படத்தின் ஆசை சினிமாவிலிருந்துதான் எங்கள் பக்கம் வந்தது. தமிழில் முதல் இரட்டை வேடப் படமாகச் சொல்லப்படுவது மாடர்ன் தியேட்டர்ஸின் 'உத்தம புத்திரன்', 1940-ல் வந்தது, பி.யு.சின்னப்பா நடித்தது. 1958-ல் 'நாடோடி மன்னன்', 1965-ல் 'எங்க வீட்டுப் பிள்ளை'. அண்ணனுக்கு இவை எல்லாவற்றையும்விட உயர்ந்தது ஏ.பி.நாகராஜனின் 'திருவிளையாடல்'. ஹேமநாத பாகவதரின் கர்வத்தை அடக்க இறைவன் பாடும் அந்த இரவுக் காட்சியில் ஒரு சிவாஜி பாடுவார், ஒருவர் வீணை வாசிப்பார், ஒருவர் புல்லாங்குழல், ஒருவர் மிருதங்கம், ஒருவர் ஜதி சொல்வார். ஒரே சட்டகத்தில் ஐந்து பேரும் இருப்பார்கள். கொட்டகையில் அந்தக் காட்சிக்காகவே திரும்பத் திரும்பப் போனதாக அண்ணன் சொல்வார். "அவங்க ஒருத்தரை ஒருத்தர் எப்படிப் பாத்துக்குறாங்கன்னு பாரு. அங்கதான்டா தொழில் இருக்கு" என்பார். சினிமாக்காரர்கள் அதை மாஸ்க் ஷாட் என்பார்கள். லென்ஸில் ஒரு பகுதியை மறைத்துவிட்டு எடுப்பது, பிலிமைப் பின்னால் சுற்றுவது, மறைத்த பகுதியைத் திறந்து, திறந்திருந்ததை மறைத்து மறுபடி எடுப்பது. ஸ்டுடியோவில் நாங்கள் செய்ததும் அதே வேலைதான்.

அண்ணன் வைத்திருந்தது யாஷிகா டி. மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ். மேல் லென்ஸ் வழியாகப் பார்ப்போம், கீழ் லென்ஸ் படம் எடுக்கும். 120 பிலிமில் சதுரமாக 12 படம். விலை கூடிய யாஷிகா மேட்டில் கைப்பிடியைச் சுற்றினால் பிலிமும் நகரும், ஷட்டரும் ஏறும்; இரண்டும் பிணைந்தவை. டி-யில் இரண்டும் தனித்தனி. பிலிமை நகர்த்தாமல் ஷட்டரை மட்டும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏற்றலாம். கவனமில்லாதவர்கள் ஒரு படத்தின் மேல் இன்னொரு படத்தை எடுத்துவிடுவதற்கு வழிவிடும் அமைப்பு அது. அண்ணன் அந்தக் கேமராவை விடாமல் வைத்திருந்ததற்கு அதுதான் காரணம். கலர் படத்துக்கு 35 எம்எம் கேமரா வேறு வந்துவிட்டது. அந்த ரோல்களை பஸ்ஸில் புதுச்சேரி லேபுக்கு எடுத்துப் போவோம். டபுள் மட்டும் கறுப்பு-வெள்ளையில், யாஷிகா டி-யில், எங்கள் கையாலேயே கழுவுவது. பிலிம் கிடைத்தபோதெல்லாம் ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து'.

பாதி மூடியை அண்ணனே செய்திருந்தார். 35 எம்எம் ரோல் வரும் கறுப்பு டப்பாவை அறுத்து, இன்சுலேஷன் டேப் சுற்றி, கீழ் லென்ஸில் இறுக்கமாக உட்காரும்படி ஒரு வளையம். அதன் வாயில் பாதியை மட்டும் அடைத்த கறுப்பு அட்டை. முதல் படத்துக்கு வலப்பாதி மூடியிருக்கும். இரண்டாவதுக்கு அதே மூடியை அரைவட்டம் திருப்பினால் போதும். ஒரே மூடியின் ஒரே விளிம்பு என்பதால் இரண்டு பாதியும் ஒன்றோடொன்று பொருந்தும்.

பாதி என்றால் சரிபாதி. மூடி நூலளவு கூடுதலாக மறைத்தால் இரண்டு பேருக்கும் நடுவே ஒளியே விழாத இடம் ஒன்று இருக்கும், பிரிண்டில் கறுப்புப் பட்டையாக வரும். குறைவாக மறைத்தால் அந்த இடத்தில் ஒளி இரண்டு தடவை விழுந்து வெளுத்த பட்டை வரும். லென்ஸின் துளையைச் சிறிதாக்கினால் விளிம்பு கத்தி வெட்டாகத் தெரியும். பெரிதாக்கினால் விளிம்பு மங்கி, இரண்டு பாதியும் இழைந்து சேரும். ஆனால் துளையைப் பெரிதாக்கினால் பின்னால் இருப்பவை கலங்கும், ஒளியும் மிகுந்துவிடும். இந்த இழுபறிக்கு நடுவில் அண்ணன் தன் கணக்கு ஒன்றை வைத்திருந்தார், எஃப் 5.6. இதில் இன்னொரு சிக்கல்: மூடி இருப்பது கீழ் லென்ஸில், நாம் பார்ப்பதோ மேல் லென்ஸ் வழியாக. எந்தப் பாதி மறைந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் பார்வைக் கண்ணாடியின் நடுவே பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தார். அந்தக் கண்ணாடியில் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தெரியும் என்பதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

கோட்டைப் பெண் தாண்டக்கூடாது. விரல் தாண்டினால் விரல் இருக்காது, முந்தானை தாண்டினால் முந்தானை அறுந்து நிற்கும். அதனால் கல்யாண வீட்டுக்குள் போனதும் அண்ணன் முதலில் தேடுவது தூணை. திண்ணைத் தூணோ நிலைக்கதவின் சட்டமோ சட்டகத்தின் நடுவில் வரும்படி ஸ்டாண்டை வைத்துவிட்டால், சேர்க்கை அந்தத் தூணுக்குள் மறைந்துவிடும். தூணுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. மெத்தை வீடுகள் பெருகித் தூண்கள் குறைந்தபோது அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். தூண் கிடைக்காத வீட்டில் வெள்ளையடித்த வெறுஞ்சுவர்தான் கதி. நடுப்பட்டையை நெகட்டிவிலேயே கூர்பென்சிலால் டச்சிங் செய்வார். மணிக்கணக்காகும்.

ஸ்டுடியோவுக்கே வந்து எடுத்துக்கொள்கிறவர்களுக்கு மூடி தேவையில்லை. கறுப்பு வெல்வெட் திரை இருந்தது. வெல்வெட்டின் மேல் விழும் ஒளி திரும்பி வராது. பிலிமில் அந்த இடம் எடுக்கப்படாத இடமாகவே காலியாக இருக்கும். அங்கே இரண்டாவது முறை பெண்ணை நிறுத்திக்கொள்ளலாம், மூன்றாவது முறைகூட. இதில் தலைமுடி கறுப்பு, திரையும் கறுப்பு. தலை எங்கே முடிகிறது, இருட்டு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. மல்லிகைச் சரம்தான் காப்பாற்றும். வெல்வெட் படத்துக்கு வரும் பெண்ணிடம் "பூ நெறைய வெச்சிக்கிட்டு வாம்மா" என்று முன்கூட்டியே சொல்லி அனுப்புவோம். பின்னலின் வடிவத்தைப் பூதான் படத்தில் எழுதிக்காட்டும். கனகாம்பரம் கறுப்பு-வெள்ளையில் சாம்பலாகிவிடுவதால் அதைவிட மல்லிகைக்கே அண்ணன் ஓட்டு.

கரண்ட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் பக்கம் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். முதல் படத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவே விளக்கு மங்கினால் இடது பக்கத்துப் பெண் சிவப்பாகவும் வலது பக்கத்துப் பெண் கறுப்பாகவும் வருவாள். இரண்டும் ஒரே பெண் என்று யாரும் நம்பமாட்டார்கள். ஆகவே பேட்டரி ஃப்ளாஷ். அது முழுதாக ஏறி விளக்கு எரிந்தபின்னும் கொஞ்ச நேரம் காத்திருந்துதான் அமுக்குவார்.

இவ்வளவும் கைவேலை. பழகினால் யாருக்கும் வரும். கடினம் கண்ணில் இருந்தது. உட்கார்ந்திருப்பவள் நிற்பவளின் முகத்தைப் பார்க்கவேண்டும். நிற்பவளோ இன்னும் அங்கே இல்லை. வெறும் காற்றைப் பார் என்றால் கண் நிலைகொள்ளாது. பார்வை முகத்துக்கு மேலே போகும், இல்லையென்றால் தோளில் இறங்கும். பிரிண்டில் அது உடனே தெரிந்துவிடும், இரண்டு பேரும் பக்கத்தில் நின்றும் ஒருவரை ஒருவர் அறியாதவர்களாக இருப்பார்கள். இன்னொருவரை அந்த இடத்தில் நிறுத்திப் பார்க்கச் சொல்லலாம். நான் நின்றால் பெண் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொள்ளும். தங்கையோ தோழியோ நின்றால் இரண்டு பேரும் சிரித்துவிடுவார்கள். கடைசியில் அண்ணன் கண்டுபிடித்தது ஒரு பித்தளைச் சொம்பு. பெண்ணின் உயரத்தை என் தோளில் அளந்துகொண்டு, மூடிய பாதிக்குள் பெஞ்சின் மேல் பெஞ்ச் போட்டு, முகம் வரவேண்டிய இடத்தில் சொம்பை வைப்பார். அதில் ஒரு குங்குமப் பொட்டு. "யம்மா, அந்தப் பொட்டப் பாரு. அதான் நீ." முதல் படம் முடிந்ததும் பெஞ்சையும் சொம்பையும் எடுத்துவிட்டு, பெண் அங்கே போய் நிற்கும். இப்போது முன்பு தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்க்கவேண்டும்.

மாப்பிள்ளையையும் சேர்த்து எடுத்தால் என்ன என்று தொடக்கத்தில் செய்து பார்த்திருக்கிறார்கள். மாப்பிள்ளை நடுவில், இரண்டு பக்கமும் அதே பெண். அந்த மாதிரி ஒரு படத்தை ஒரு வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தபோது மாப்பிள்ளையின் ஆயா அண்ணனைப் பிடித்துக்கொண்டார். "இன்னாபா இது, வள்ளி தெய்வானையா? எம்பேரன் நடுவுல நிக்கிறான், ரெண்டு பக்கமும் பொண்டாட்டி நிக்கிறா. நாளைக்கி ரெண்டாவதா எவளாச்சும் வந்து நின்னா நீ வந்து பதில் சொல்லுவியா?" மயிலம் முருகனைக் கும்பிடுகிற பக்கத்தில் அந்தப் படத்தை வேறு எப்படிப் பார்ப்பார்கள். அண்ணன் பணம்கூட வாங்காமல் படத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அதிலிருந்து டபுள் ஆக்டில் மாப்பிள்ளைக்கு இடமில்லை.

ஆயாவின் கோபத்தால் விளைந்த நன்மை பெரியது என்று நான் நினைக்கிறேன். அந்தக் காலத்துக் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். பெண்ணைச் சுற்றி எப்போதும் ஆட்கள் இருப்பார்கள். நலுங்கில் அத்தைமார்கள், மணையில் மாப்பிள்ளை, அம்மி மிதிக்கும்போது நாத்தனார், வரிசையில் வந்து நிற்கும் உறவு. தனியாக எடுத்த படத்தில்கூட அவள் தரையைப் பார்ப்பாள், அல்லது "இங்க பாரும்மா" என்று சொல்லும் எங்களைப் பார்ப்பாள். டபுள் ஆக்டு ஒன்றில்தான் அவள் தன்னைப் பார்க்கிறாள். நிலைக்கண்ணாடி முன்னால் நிறுத்தி எடுப்பது இல்லையா என்று கேட்கலாம். உண்டு, அதுவும் ஆல்பத்தில் ஒரு படம். ஆனால் கண்ணாடியில் இருப்பவள் இவள் செய்வதையே செய்வாள், இவள் நின்றால் நிற்பாள். இங்கே ஒருத்தி உட்கார்ந்திருக்க ஒருத்தி நிற்கிறாள், ஒருத்தி கொடுக்க ஒருத்தி வாங்குகிறாள்.

இதை எனக்குப் புரியவைத்தது ஒரே ஒரு படம். 1989-ல் எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் எடுத்தது. அந்தப் பெண் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ வரை படித்தவள். ஆர்டர் கொடுக்க அம்மாவோடு அவளே வந்திருந்தாள். அப்போது அது அபூர்வம். ஷோகேஸில் இருந்த டபுள் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணே, ரெண்டு பேரும் ஒரே புடவையில இருக்காங்களே. எனக்கு ஒண்ணு தாவணியில, ஒண்ணு கூரைப்புடவையில வேணும். தாவணியில இருக்கறது கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்ததா இருக்கணும்" என்றாள். உடை மாற்றிக்கொண்டு வந்தால் ஆயிற்று என்று அண்ணன் சொன்னார். அவள் விடவில்லை. "தாலிய எப்படிண்ணே கழட்டறது? முன்னாடின்னா நெஜமாவே முன்னாடி."

அப்படியானால் முகூர்த்தத்துக்கு முதல்நாள் ராத்திரி ஒரு பாதி, தாலி ஏறிய பிறகு காலையில் மறுபாதி. நடுவில் ஒரு முழு இரவு. அதுவரை கேமரா மயிரிழை நகரக்கூடாது, பிலிம் நகரக்கூடாது, அந்த அறைக்குள் யாரும் நுழையக்கூடாது. கல்யாண வீட்டில் பூட்டிய அறை ஒன்று கேட்பது சாதாரண விஷயமா? நெல் மூட்டை அடுக்கியிருந்த பின்கட்டு அறையை அவள் அப்பா காலிசெய்து கொடுத்தார். ஸ்டாண்டின் மூன்று கால்களைச் சுற்றியும் சாக்பீஸால் வட்டம் போட்டோம்; ஒவ்வொரு காலிலும் மணல் பை கட்டினோம். காலை வெளிச்சம் ராத்திரியோடு ஒத்துவராது என்பதால் சன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு ஆணி அடித்தோம். இரண்டு நேரத்துக்கும் ஃப்ளாஷ் வெளிச்சம் மட்டும்.

நலுங்கு முடிந்து பெண்கள் படுக்கப்போன பிறகு அவள் வந்தாள். பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு உடுத்தியதாகச் சொன்ன பாவாடை தாவணி, ஒற்றைப் பின்னல். கையில் நலுங்கு மஞ்சள் காயவில்லை. இடது பக்க ஸ்டூலில் உட்கார்ந்து, சொம்பிலிருந்த பொட்டை அண்ணாந்து பார்த்தாள். ஃப்ளாஷ் அடித்தது. அண்ணன் ஷட்டரை மறுபடி ஏற்றவில்லை. தவறிக் கை பட்டுவிடலாம் என்று அதைக் காலைக்கு வைத்துக்கொண்டார். கேமராவுக்கு மேல் கறுப்புத் துணி போட்டுக் கதவைப் பூட்டினோம். நான் வாசற்படிக்குக் குறுக்கே பாய் விரித்துப் படுத்தேன். வீடு முழுக்கப் பிள்ளைகள், இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடுகிறவர்கள். பந்தலில் காய் நறுக்கும் சத்தம் விடிய விடியக் கேட்டது.

முகூர்த்தம் விடியற்காலை. மற்ற படங்களையெல்லாம் அண்ணன் 35 எம்எம்-இல் எடுத்தார். மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்படுமுன் கொஞ்ச நேரம் கேட்டு அவளைப் பின்கட்டுக்கு அழைத்து வந்தோம். கூரைப்புடவை, கழுத்தில் புதுத் தாலியின் மஞ்சள், ஓமப் புகையில் சிவந்த கண். மூடியை அரைவட்டம் திருப்பினார். அவள் வலது பக்கம் போய் நின்றாள். ராத்திரி உட்கார்ந்திருந்த ஸ்டூல் அதே இடத்தில் இருந்தது. அந்தப் பாதி மறைந்திருப்பதால் அதை எடுக்கவேண்டிய தேவையில்லை. "எங்க பாக்கணும்னு தெரியும்ணே" என்றாள் அண்ணன் வாய் திறக்குமுன்பே. ஸ்டூலுக்கு மேலே, முகம் இருந்த உயரத்தில் பார்த்தாள். ஃப்ளாஷ் ஏறக் காத்திருந்த நேரமெல்லாம் இமைகூட அசையாமல் அங்கேயே பார்த்தாள். எடுத்து முடித்து அண்ணன் "போதும்மா" என்றபிறகும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டெவலப்பரில் அந்த நெகட்டிவ் வந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். பிரிண்ட் போட்டுப் பார்த்தால், உட்கார்ந்திருப்பவள் அண்ணாந்து பார்ப்பதில் ஒரு கேள்வி. சொம்பைப் பார்த்த பார்வைதான் அது. நிற்பவள் அவளைப் பார்ப்பதில் அப்படியொரு பரிவு. ஏழெட்டு மணி நேரம் மூத்தவள்தான், ஆனால் மூத்தவள். எங்கள் ஊரில் காகிதக்கூழ் பொம்மை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழில் அது. ஒரே அச்சில் எடுத்த இரண்டு முகங்கள்கூட வண்ணம் பூசி கண் திறக்கும்போது வேறு வேறாகிவிடுவதை அங்கே பார்த்திருக்கிறேன். அன்று பிரிண்டில் அதையே பார்த்தேன்.

இப்படி ஒருவரையே இரண்டாகக் காட்டுவது எங்கள் அண்ணனோ சினிமாக்காரர்களோ தொடங்கிய வேலை இல்லை என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. இங்கிலாந்தில் ஆஸ்கர் ரெய்லாண்டர் என்பவர் 1857-லேயே முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே பெரிய படம் செய்திருக்கிறார். விக்டோரியா ராணி அதில் ஒரு பிரதி வாங்கினார். பிற்பாடு, ஓவியராகிய தான், படைத்தொண்டராகிய தன்னை அறிமுகப்படுத்தும் படம் ஒன்றையும் செய்தார். பிரான்சில் 1890களின் தொடக்கத்தில் ஓவியர் துலூஸ் லோத்ரெக்கை அவர் நண்பர் மொரீஸ் கிபேர் எடுத்த படத்தில், லோத்ரெக் வரைகிறார், எதிரில் உட்கார்ந்திருப்பவரும் லோத்ரெக். பெரிய பெயர்கள். ஆனால் இரண்டுமே ஆண்கள் தங்களைத் தாங்களே கண்டு மகிழ்ந்தவை. எங்கள் பக்கத்து மண்ணடுப்பு வீடுகளில் பெண்களுக்கு அந்த மகிழ்ச்சி ஒரு கல்யாணத்தின் ஓரத்தில் கிடைத்தது என்பதை யாராவது எழுதிவைக்கவேண்டும். புதுச்சேரி செயிண்ட் லூயி தெருவில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் உதவியோடு, தமிழ் ஸ்டுடியோக்களின் பழைய படங்களைத் தேடி டிஜிட்டலாக்கியிருக்கிறது. கடைகள் மூடும்போது நெகட்டிவ் பெட்டிகள் பழைய சாமான்காரருக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் அவர்கள் செய்தது பெரும் உதவி.

கம்ப்யூட்டர் வந்ததும் எல்லாம் சுலபமாயிற்று. போட்டோஷாப்பில் 1994-ல் லேயர் வந்தது. எங்கள் ஊருக்கு அது வந்துசேரப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. அதற்குள் அண்ணன் தொழிலை விட்டுவிட்டார், கடை என் கைக்கு வந்தது. கரிஸ்மா ஆல்பம், 12×36 தாள், சிடியில் கிடைக்கும் ஆயத்த டிசைன்கள். ஒரே தாளில் ஒரு பெண்ணை ஏழு இடத்தில் வைக்கலாம். பின்னணியில் பெரிய முகம், முன்னால் நிற்பவள், ஓரத்தில் சிரிப்பவள், மேகத்துக்குள் ஒருத்தி. கோடு கிடையாது, தூண் தேவையில்லை. முன்பு முடியாதது ஒன்று இப்போது முடியும்: இரண்டு பேரும் தொட்டுக்கொள்ளலாம். தன் தலையில் தானே பூ வைக்கிற பெண், தன் கழுத்துக்குத் தானே மாலை போடுகிற பெண். அதை நான் மனமார ரசித்துச் செய்கிறேன்.

ஆனால் அந்த ஏழு பேரில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. ஏழும் வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு காரணத்துக்காக எடுத்தவை. பிறகு வெட்டி ஒரே தாளில் வைத்தவை. எடுக்கும்போது அந்தப் பெண்ணுக்குத் தன் பக்கத்தில் இன்னொருத்தி வரப்போகிறாள் என்றே தெரியாது. டிசைன் செய்கிற பிள்ளைகளிடம் இதைத்தான் சொல்வேன்: ஸ்டாண்டைப் போடு, வெளிச்சத்தை மாற்றாதே, பெண்ணிடம் முதலிலேயே விஷயத்தைச் சொல், முகம் வரும் இடத்தில் ஒரு குறி வை. அதற்கு மேல் ஐந்து நிமிஷம் கூடுதலாகப் பிடிக்கும். அந்த ஐந்து நிமிஷத்தைக் கொடுக்க மேடையில் இப்போது யாருக்கும் பொறுமையில்லை. டிரோன் ஒரு பக்கம், வீடியோ ஒரு பக்கம், எல்.இ.டி திரை ஒரு பக்கம். என்றாலும் கேட்டுவாங்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி.

1989 படத்தின் பெண் சில வருஷங்களுக்கு முன்னால் காலமானார். மகனும் மகளும் சட்டம் போட்ட படத்தைத் துணியில் சுற்றி எடுத்துவந்தார்கள். ஓரத்தில் பூஞ்சை ஏறியிருந்தது. கண்ணீர் அஞ்சலி பேனருக்கு வேண்டும்; இளவயதுப் படங்களில் தெளிவாக இருப்பது இது ஒன்றுதான் என்றார்கள். மகன், "தாலியோட இருக்கற அம்மாவ மட்டும் எடுத்துக்குங்கண்ணே. சுமங்கலியாப் போனாங்க" என்றான். ஸ்கேன் செய்து, பூஞ்சையைத் துடைத்து, இடப்பக்கத்தை வெட்டி நிற்பவளைத் தனியாக எடுத்துக் காட்டினேன். முகம் நன்றாகத்தான் இருந்தது. மகள் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அம்மா கீழ எங்கயோ பாக்குறாங்களே. யாரப் பாக்குறாங்க?" என்றாள். கண்ணை நேராக்க முடியுமா என்று மகன் கேட்டான். முடியும், இப்போது அதெல்லாம் சின்ன வேலை. செய்யமாட்டேன் என்றேன். அந்த ராத்திரியையும் காலையையும் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர்கள் வீட்டில் அந்தக் கதை தெரியாது. அம்மா ஏதோ சினிமா ஆசையில் எடுத்துக்கொண்ட படம் என்றுதான் நினைத்திருக்கிறார்கள். வெட்டிய பாதியை மீண்டும் சேர்த்துவைத்தேன். மகள் "இப்படியே இருக்கட்டும்" என்றாள், மகனும் சரி என்றான்.

பெயரை யாருக்குக் கீழே போடுவது என்று ஃப்ளெக்ஸ் அடிக்கிற பையன் போன் செய்து கேட்டான். நடுவில் போடு, ஒரே தடவை போடு என்றேன். பிறந்த தேதியையும் இறந்த தேதியையும் அதற்குக் கீழே, அதேபோல நடுவில்.